கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

சோல்ஃப்ரிட் நிலையத்துக்குள் வந்துவிட்டாள் என்பதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசலில் பூட்ஸை உதறும் சத்தமே போதும். ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஓர் உதறல். படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள், கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கணக்கு ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டால் காப்பிக் கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்து, "வந்துடுச்சு!" என்று ஒரு கத்தல். பக்கத்து அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் மறுமுனையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பொதுவாகச் சத்தம் போடாதவர்கள். சத்தத்தை மலையும் கடலும் மழையும் பார்த்துக்கொள்ளும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள். ஸ்கோர்வோக் மாதிரி ஓர் ஊரில் இவள் எப்படிப் பிறந்தாள் என்பதற்கு மட்டும் இதுவரை யாரும் விடை கண்டுபிடிக்கவில்லை.

கடல் ஆய்வு நிலையத்தில் அவள் சேர்ந்தது கணக்குப் போட அல்ல, போத்தல் கழுவ. பதினாறு வயதில் பள்ளியை விட்டு மீன் தொழிற்சாலைக்குப் போனாள். தொழிற்சாலையை மூடினார்கள். நிலையத்தில் கடல் நீர் பிடிக்கும் கண்ணாடிப் போத்தல்களைக் கழுவ ஆள் கேட்டார்கள், வந்துவிட்டாள். பதினோரு வருடம் கழுவினாள். ஒரு நாளைக்கு இருநூறு போத்தல். கை ஒரு பக்கம் வேலை செய்ய, கண் மற்றவர்களின் கணினித் திரையில் இருக்கும்.

அந்தப் பதினோராம் வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, யோஸ்டெய்ன் என்ற பையன் திரைக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பையன் என்றால் இருபத்தேழு வயது, முனைவர் பட்டம் வாங்கி மை காயாதவன். கடலடியில் வைத்த கருவி ஒன்று சரியாக எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். படகிலிருந்து ஒலியை அனுப்பினால் கருவி பதில் ஒலி கொடுக்கும். போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். திசை தெரியாது. படகு ஒரு கோட்டில் போகப் போக மூன்று இடத்தில் நின்று மூன்று தூரம் எடுத்தால் மூன்று சமன்பாடு. அதை மென்பொருளில் போட்டால் இடம் வந்துவிட வேண்டும். வரவில்லை.

சோல்ஃப்ரிட் போத்தல் தட்டோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"சமன்பாடு எல்லாம் சரியாத்தான் இருக்கு. மென்பொருள் 'விடை கிடைக்கலை'ன்னே சொல்லிக்கிட்டிருக்கு. காலையிலேர்ந்து."

"தொடக்கம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போட்டிருக்கே?"

"அது சும்மா. எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கணும்னு ஒரு யூகம் குடுக்கணும். சைபர் போட்டிருக்கேன். எல்லாரும் சைபர்தான் போடுவாங்க."

"சைபர்னா எந்த இடம்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "படகு போன கோடு. கோட்டு மேலயே."

"அப்புறம் எப்படிடா வரும்? நட்ட நடுக்கோட்டுல கொண்டுபோய் நிறுத்தினா அதுக்கு இந்தப் பக்கம் போறதா அந்தப் பக்கம் போறதான்னு எப்படித் தெரியும்? முழிச்சுக்கிட்டு நிக்குது பாவம். கருவியை எங்க இறக்கினியோ அந்த இடத்தைப் போடு."

யோஸ்டெய்ன் போட்டான். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. "வந்துடுச்சு!" என்று அவள் கத்திய கத்தலில் தட்டிலிருந்து இரண்டு போத்தல் விழுந்து உடைந்தன. உடைந்ததைப் பெருக்கியது யோஸ்டெய்ன்.

இந்த மென்பொருட்கள் அப்படித்தான். சமன்பாட்டைக் கொடுத்துவிட்டால் விடையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் கிடையாது. இருட்டு அறையில் விளக்கு சுவிட்சைத் தேடுகிற மாதிரி, நாம் விட்ட இடத்திலிருந்து தடவித் தடவிப் போகும். கதவுப் பக்கம் விட்டால் கிடைக்கும், அலமாரிக்குள் விட்டால் அலமாரியையே சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே விடுவது என்பது விடுகிற ஆளின் கையில் இருக்கிறது. படித்தவர்கள் அதை அலட்சியமாக விட்டார்கள். போத்தல் கழுவியவளுக்கு அது ஒன்றுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மதிய இடைவேளையில் தாளில் சுற்றிக்கொண்டு வந்த ரொட்டியையும் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டே மறு கையால் தட்டச்சு செய்வாள். இரண்டு தெரியாத எண், மூன்று தெரியாத எண், வட்டம், நீள்வட்டம் என்று எதையாவது எழுதி, யூகத்தை இங்கே போட்டால் எங்கே போகிறது, அங்கே போட்டால் எங்கே போகிறது என்று துரத்துவாள். விசைப்பலகையில் பாலாடைக்கட்டி ஒட்டியிருக்கிறது என்று புகார் வந்தது. இரண்டு வருடத்தில் போத்தல் வேலைக்கு வேறு ஆள் வந்தார், அவள் படகில் ஏறிவிட்டாள். கருவி இறக்குவது, எடுப்பது, இடம் கணக்கிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. கணினிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள்: "இறக்கின இடத்திலிருந்து தொடங்கு." நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் காப்பி இயந்திரத்தைக் காட்டுவார்கள், அடுத்தது அந்தத் தாளை. ஏழு வருடம் அது ஒரு தடவைகூடக் காலை வாரவில்லை. அதனால் அதை யாரும் யோசித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள், எழுதிய ஆள் உட்பட.

இந்த மார்ச் மாதம்தான் வினை வந்தது.

நிலையத்தின் தலைவி விக்டிஸ் நல்லவள், ஆனால் காகிதத்தில் தெரிவதை நம்புகிறவள். கருவி இறக்குவதையும் எடுப்பதையும் பெர்கன் நகரத்து நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களிடம் பட்டம் பெற்ற ஆட்கள், பெரிய படகு, பளபளக்கும் அறிக்கை. சோல்ஃப்ரிட்டிடம் ஒரு மென்பொருளும் ஒரு தொண்டையும். கடைசியில் விக்டிஸ் வெளிப்படையாகவே சொன்னாள்: "லேர்வோகன் வளைகுடாவுல ஒரு வருஷமா கிடக்குற இரும்புச் சட்டத்தை எடுத்துக் கொண்டுவா. ஒழுங்கா வந்துட்டா இந்தப் பேச்சை விட்டுடறேன். வரலைன்னா கடல் வேலை அவங்களுக்கு. நீ ஆய்வுக்கூடத்துல இரு."

ஆய்வுக்கூடம் என்றால் மறுபடியும் போத்தல். விக்டிஸ் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அந்தச் சட்டம் ஆள் உயரம், அதற்குள் கருவிகள். கடலடியில் ஒரு வருட நீரோட்டத்தையும் ஆக்சிஜனையும் பதிவு செய்தது. மேலிருந்து "விடு" என்று ஒலிக் கட்டளை கொடுத்தால் மிதவை ஒன்று கயிறோடு மேலே வரவேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நிலையத்துக்கு வழக்கமாகப் படகு ஓட்டும் எய்லெர்ட்டோடு சோல்ஃப்ரிட்டும் யோஸ்டெய்னும் போய்க் கட்டளை கொடுத்தார்கள். மிதவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை.

"எதுலயோ சிக்கியிருக்கு," என்றான் யோஸ்டெய்ன். இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது, தாடி வேறு.

"சிக்கட்டும். தூரத்தை எடு. பேட்டரி சாகறதுக்குள்ள எடு," என்றாள் சோல்ஃப்ரிட்.

சட்டத்தின் பதில் ஒலி நோயாளி முனகுவது போல வந்தது. எய்லெர்ட் படகை வழக்கம்போல வளைகுடாவின் நடுக்கோட்டில், வடக்கு நோக்கி நேராக விட்டான். எழுபத்தொரு வயது, நாற்பது வருடம் ஒரே கோட்டில் ஓட்டியவன், சொல்லாமல் சுக்கானைத் திருப்ப மாட்டான். முதல் இடத்தில் முந்நூற்று எண்பத்தைந்து மீட்டர். வடக்கே முந்நூறு மீட்டர் தள்ளி இருநூற்று நாற்பத்தொன்று. இன்னும் நானூறு தள்ளி நானூற்று அறுபத்தேழு. கூடவே தன் ஆழத்தையும் சட்டம் சொன்னது, நூற்றுப் பதினெட்டு மீட்டர். நான்காவது தடவை கூப்பிட்டபோது பதில் இல்லை. ஐந்தாவது தடவையும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது.

"மூணு இருக்குல்ல? மூணு போதும்!" அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். மடிக்கணினியைத் திறந்து எண்களை அடித்தாள். தொடக்கக் கட்டத்தில் போன வருடம் இறக்கிய இடம், கோட்டுக்கு மேற்கே நூற்று அறுபது மீட்டர். பொத்தானை அழுத்தினாள். விடை: மேற்கே இருநூற்றுப் பத்து. மூன்று சமன்பாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது, பிழை கிட்டத்தட்ட சைபர்.

"வந்துடுச்சு!"

எய்லெர்ட் சுக்கான் அறையிலிருந்து, "காது இருக்கு எனக்கு," என்றான்.

பாதாளக்கரண்டியை இறக்கினார்கள். கிணற்றில் வாளி எடுக்கும் சமாசாரம்தான், இது ஆள் கனம், கொக்கி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கடலடியோடு அதை இழுத்துப் போனார்கள். பாசியும் ஒரு கார் டயரும் வந்தன. திரும்ப இழுத்தார்கள். கல் வந்தது. மூன்றாவது இழுப்பில் எதுவுமே வரவில்லை. மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு எய்லெர்ட் மீன்பண்ணைக்குத் தீவனம் ஏற்றப் போகவேண்டும். திங்கட்கிழமை கடலடியை வாரி இழுக்கும் இறால் வலைக்காரர்கள் இறங்கிவிடுவார்கள், அப்புறம் அடியில் இருப்பது எதுவும் மிஞ்சாது.

"நீ சொன்ன ஆழம் எவ்வளவு, பொண்ணே?" என்று எய்லெர்ட் கேட்டான். அவனுக்கு அறுபது வயதுக்குக் கீழே எல்லாரும் பொண்ணுதான்.

"நூத்திப் பதினெட்டு."

"இங்க எண்பத்து நாலுதான் இருக்கு."

"ஒரு வருஷம் சேத்துல கிடந்திருக்கு. ஆழம் காட்டுற அழுத்தமானி கெட்டுப்போயிருக்கும்."

"இல்லன்னா உன் கணக்கு கெட்டுப்போயிருக்கும்."

"கணக்கு மூணு சமன்பாட்டுக்கும் பொருந்துது எய்லெர்ட்! பிழை சைபர்!"

"நான் படிக்காதவன். எண்பத்து நாலுன்னா எண்பத்து நாலுன்னு மட்டும்தான் தெரியும்."

இன்னொரு இழுப்பு. மணி ஒன்றேகால். எய்லெர்ட் வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்து வைத்தான். வியாழக்கிழமை வாஃபிள், உலகம் இடிந்தாலும் வியாழக்கிழமை வாஃபிள். சோல்ஃப்ரிட் தொடவில்லை. இதை எய்லெர்ட் பிறகு ஊர் முழுக்கச் சொன்னான், அவள் தொடாத வாஃபிளை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போத்தல் தொட்டியின் வெந்நீர் வாசனை மூக்கில் அடித்தது. பயம் வந்தால் அவளுக்கு அந்த வாசனைதான் வரும். அழுத்தமானி கெட்டுப்போயிருக்கும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அந்த மானியைச் சோதித்து மாட்டியதே அவள்தான். அது அரை மீட்டர் தப்பாகலாம். போனால் போகிறது, ஒரு மீட்டர். முப்பத்து நாலு மீட்டர் எப்படித் தப்பாகும்? எண்ணுக்காக மானியைத் திட்டியிருக்கிறாள். தன் விடை பொய்யாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

சட்டம் சொன்னது உண்மை என்றால் அது நூற்றுப் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மூன்று தூரமும் உண்மை. சமன்பாடும் உண்மை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அவள் கை போட்ட எண்.

பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

"யோஸ்டெய்ன்! நாம எடுத்த மூணு தூரமும் ஒரே நேர்கோட்டுல எடுத்தது!"

"ஆமா. எய்லெர்ட் எப்பவும் அப்படித்தானே..."

"நேர்கோட்டுல நின்னு தூரத்தை மட்டும் சொன்னா, ஆள் வலப்பக்கம் நிக்கிறானா இடப்பக்கம் நிக்கிறானான்னு யாருக்குடா தெரியும்? ரெண்டு பக்கமும் அதே தூரம்! ரெண்டு பக்கமும் பிழை சைபர்! மென்பொருளுக்குப் பக்கத்தைச் சொல்லிக் குடுத்தது நான். மேற்கேன்னு நான்தான் சொன்னேன்!"

யோஸ்டெய்ன் வாயில் வாஃபிளோடு அப்படியே நின்றான். "ஆனா இறக்கினது மேற்கே தானே. நம்ம விதி..."

"விதியைத் தூக்கிக் கடல்ல போடு! அது நானே எழுதின விதி! எதுலயோ சிக்கியிருக்குன்னு நீயே சொன்னியே. எதுல சிக்கும்? இறால் வலையில. வலையில சிக்கினது இறக்கின இடத்துலயா உட்கார்ந்திருக்கும்? வலைக்காரன் இழுத்துக்கிட்டுப் போயிருப்பான், கோட்டைத் தாண்டி இழுத்துக்கிட்டுப் போயிருப்பான்!"

சொல்லிக்கொண்டே தொடக்கக் கட்டத்தில் மேற்கை அழித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். கிழக்கே நூறு என்று போட்டாள். அவ்வளவுதான், வேறு ஓர் எண்ணையும் மாற்றவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

கிழக்கே இருநூற்றுப் பத்து. பிழை கிட்டத்தட்ட சைபர். அதே கச்சிதம்.

இந்தத் தடவை அவள் கத்தவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்தாள். விரலுக்குக் கீழே ஆழக் கோடு நூற்றுப் பதினைந்துக்கும் நூற்றிருபதுக்கும் நடுவே ஓடியது. சுக்கான் அறைக்கு ஓடினாள்.

"எய்லெர்ட், திருப்பு! கிழக்கே திருப்பு!"

"கோட்டை விட்டா?"

"கோட்டை விட்டு!"

எய்லெர்ட் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, சொல்லாமல் செய்யாத மனிதன், சொன்னதற்கு மேலே இயந்திரத்தை முடுக்கினான். ஆழமானி தொண்ணூறு என்றது. நூற்றிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு. அவள் ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படித்தாள். யோஸ்டெய்னும் சேர்ந்து படித்தான். நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினெட்டு.

"நிறுத்து!" என்று இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். கரையில் நின்ற ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மணி ஒன்று ஐம்பது. பாதாளக்கரண்டி இறங்கியது. முதல் இழுப்பில் வெறும் சேறு. சோல்ஃப்ரிட் கயிற்றின் மேல் கை வைத்து நின்றாள், அதன் வழியாகக் கடலடியைத் தடவிப் பார்க்கிறவள் போல. இரண்டாவது இழுப்பு பாதி வரை லேசாக வந்தது. திடீரென்று கயிறு விறைத்தது. படகின் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது.

"பிடிச்சிருச்சு!" எய்லெர்ட்டின் குரல் உடைந்தது. ஊரில் யாரும் அவனுடைய அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"மெதுவா! மெதுவா! அறுத்துடாதே!"

"எனக்குச் சொல்லிக் குடுக்குறியா பொண்ணே? தள்ளு!"

கயிறு சுற்றும் உருளை முனகிக்கொண்டு சுழன்றது. நூறு மீட்டர். எழுபது. நாற்பது. சோல்ஃப்ரிட் படகின் ஓரத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு நீரைப் பார்த்தாள். யோஸ்டெய்ன் அவள் பின்னால் நின்று அவளுடைய உயிர்காப்பு உடையின் வாரைப் பிடித்துக்கொண்டான், விட்டால் குதித்துவிடுவாள் போலிருந்தது. முதலில் பச்சை நிறமாக ஏதோ தெரிந்தது. கிழிந்த இறால் வலை. வலைக்குள் பெரிய பொட்டலம் மாதிரி, சிப்பியும் சேறும் அப்பி, மிதவை விடுபட முடியாமல் இறுகிப்போய், அவள் கையால் மஞ்சள் வண்ணம் பூசிய இரும்புச் சட்டம்.

அவள் போட்ட சத்தத்தை எந்த எழுத்திலும் எழுத முடியாது. யோஸ்டெய்னைப் பிடித்து உலுக்கினாள். எய்லெர்ட்டின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சட்டம் தளத்தில் இறங்கியதும் அதையும் கட்டிப்பிடித்தாள், மார்பெல்லாம் சேறு. கருவியின் மூடியைத் திறந்து கம்பியை இணைத்தார்கள். பதிவு இருந்தது. மார்ச்சிலிருந்து மார்ச் வரை, ஒரு நாள் விடாமல். நவம்பர் ஒன்பதாம் தேதி மட்டும் எண்கள் தலைகீழாகக் குதித்திருந்தன. வலைக்காரன் இழுத்த நாள்.

துறைமுகத்தை நோக்கித் திரும்பும்போது யோஸ்டெய்ன் மெதுவாகச் சொன்னான்: "அறிக்கையில கிழக்கு இடத்தை மட்டும் எழுதிடறேன். காலையில நடந்ததை யாரு கேக்கப் போறா?"

சோல்ஃப்ரிட் முகத்தில் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆசையாகத்தான் இருந்தது. விக்டிஸ் காகிதத்தை நம்புகிறவள். காகிதத்தில் எட்டு வரி குறைந்தால் போத்தல் தொட்டி அவ்வளவு தூரம் தள்ளிப்போகும்.

"ரெண்டையும் எழுது," என்றாள். "மேற்கே மூணு மணி நேரம் தேடினோம்னு எழுது. ஏன் தேடினோம்னு எழுது. விதி என்னோடது, யூகம் என்னோடது, ஆழம் ஒத்துவரலைன்னு எய்லெர்ட் சொல்லியும் கேக்காதது நான். பேரோட எழுது. இனிமே தூரம் எடுக்கும்போது ஒரு தடவையாவது கோட்டை விட்டு விலகி எடுக்கணும். இதை எழுதலைன்னா அடுத்தவன் எப்படிடா தெரிஞ்சுக்குவான்?"

யோஸ்டெய்ன் படகிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டான். துறைமுகத்து விளக்குக் கம்பம் தெரியும்போது சோல்ஃப்ரிட்டின் கைபேசி அடித்தது. விக்டிஸ். சேற்றுக் கையால் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"படிச்சேன்," என்றாள் விக்டிஸ். "பெர்கன்காரங்க எனக்கு மாதிரிக்குப் பத்து அறிக்கை அனுப்பியிருக்காங்க சோல்ஃப்ரிட். பத்துலயும் முதல் தடவையே கண்டுபிடிச்சிருக்காங்க. ஒண்ணுலகூட யாரும் தப்பே பண்ணலை. இன்னைக்குத்தான் அது எனக்கு இடிக்குது. அவங்களுக்கு வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டேன். அடுத்த வாரம் வடக்கே ரெண்டு சட்டம் இறக்கணும், நீதான் போற. கேக்குதா?"

பதில் இல்லை.

"சோல்ஃப்ரிட்? லைன்ல இருக்கியா?"

எய்லெர்ட் சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கைபேசியை வாங்கினான்.

"இருக்கா," என்றான். "பேச்சு வரலை. நானும் இப்பத்தான் முதல் தடவையா பாக்குறேன். அவ போவா, எழுதிக்கோ."